சிற்றாற்றுச் சீமை தந்த கணித மேதை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (கணிதம்) மாணவி

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, நெல்லைச் சீமையைப் பசுமையாக்கிக் கடலில் கலப்பது தாமிரபரணி. குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியே ஓடிவந்து, சிவலப்பேரியருகே அதனோடு சேர்வது சிற்றாறு. இந்தச் சீமை தந்த கவிஞர்களையும் விடுதலை வீரர்களையும் நாம் மேடைதோறும் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகக் கணித அறிஞர்கள் விடை தேடிய ஒரு கேள்விக்கு விடை கண்டவரும் இதே சீமைக்காரர்தான் என்பது, கணிதம் படிக்கும் எனக்கே சென்ற ஆண்டு வரை தெரியாது. அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ். பிள்ளை என்று அழைக்கும்.

உதிரிக் கணக்கு

அவரை நான் அறிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயார் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பள்ளி நாளிலிருந்தே அம்மாவுக்கு உதவியாக உட்கார்ந்து பீடி எண்ணிக் கட்டியிருக்கிறேன். இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. இருபத்து நான்கு இருந்தால் கட்டு இல்லை, அத்தனையும் உதிரி. ஒன்றே ஒன்று குறைந்ததற்காக இருபத்து நான்கும் உதிரியாகிப் போகும் அந்தக் கணக்கு எனக்குச் சிறு வயதிலேயே பழக்கம்.

முதலாமாண்டில் ஒரு தாளில் தோற்றேன். குறை என்னுடையதுதான், புரியாததைக் கேட்கக் கூச்சப்பட்டு, புரிந்தது போல உட்கார்ந்திருந்தேன். ஒரு தாள் போனதும், எல்லாமே உதிரியாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு சேர்ந்து சுற்றினால் வீட்டுக்காவது உதவியாக இருக்குமே என்ற எண்ணத்தில், வகுப்புக்கு வருவதும் வராததுமாக இருந்தேன்.

அப்படி வந்த ஒரு நாளில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு நாட்டில் 1, 64, 729, 4096 என்ற வரிசையில் மட்டுமே ரூபாய் நோட்டுகள் உண்டு. அவை 1, 2, 3, 4 ஆகிய எண்களின் ஆறாம் அடுக்குகள்; அதற்கு மேலும் 5, 6, 7 என்று எல்லா எண்களின் ஆறாம் அடுக்குக்கும் நோட்டு உண்டு. சரியாக 703 ரூபாய் கொடுக்கக் குறைந்தது எத்தனை நோட்டுகள் வேண்டும்?

நான் எழுந்து விடை சொன்னேன். 729 ரூபாய் நோட்டு பெரிது, உதவாது. 64 ரூபாய் நோட்டுகளைக் கட்டிக்கொண்டே போனால் பதினொன்று சேரும்போது 704 ஆகிவிடும், ஒன்று அதிகம். ஆகவே பத்து நோட்டில் 640 கொடுத்துவிட்டு, மீதி 63-ஐ ஒற்றை ரூபாயாக எண்ண வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. ஒன்று குறைந்ததால் பதினோராவது கட்டு உடைந்து 63 உதிரி ஆகிவிட்டது. எங்கள் வீட்டுப் பீடிக் கணக்கேதான்!

பேராசிரியர் மகிழ்ந்தார். ஆனால் இது கேள்வியின் எளிய பாதிதான் என்றார். எத்தனை கோடி ரூபாயானாலும் 73 நோட்டுகளுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. இதை நிறுவுவதுதான் கடினமான பாதி. அதை 1940-ஆம் ஆண்டில் நிறுவியவர் குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் ஊரைச் சேர்ந்தவர் என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று மாலை நான் நூலகத்துக்குப் போனேன்.

தாயில்லாப் பிள்ளை

எஸ்.எஸ். பிள்ளை 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் வணங்கும் நம் பகுதியில், தாயும் மகனும் தாங்கிய அப்பெயர்கள் வீட்டுக்கு வீடு கேட்கிற பெயர்களே.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோதே தாயார் காலமானார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தையாரும் மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத கிராமத்துப் பையனுக்கு அந்தக் காலத்தில் மேற்படிப்பு என்பது எட்டாத கனி. அப்போது கைகொடுத்தவர் சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட அவருடைய பள்ளி ஆசிரியர். மாணவனின் கணித அறிவைக் கண்டுகொண்ட அவர், தமது சொற்பச் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவன் படிப்புக்குக் கொடுத்தார். உலகப் புகழ் பெற்ற ஒரு கணித மேதையின் கதைக்குள், தம் வீட்டுச் செலவைக் குறைத்துக்கொண்ட ஒரு வாத்தியார் இருக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

அக்காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டில்தான் அது தமிழ்நாட்டோடு இணைந்தது. வல்லம் அந்த எல்லைக்கு அருகிலேயே உள்ளது. பிள்ளை மேற்படிப்புக்குத் தெற்கு நோக்கிச் சென்றார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

சென்னையிலிருந்து அண்ணாமலை நகருக்கு

1927-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே கே. ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய இரு பேராசிரியர்களின் தொடர்பு வாய்த்தது. ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். ராமானுஜன் அங்கிருந்த அதே காலத்தில் அங்கே இருந்தவர். ராமானுஜன் 1920-இல் மறைந்துவிட்டாலும், அவர் ஏற்றிய விளக்கு சென்னையில் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வந்து அமர்ந்தார் வல்லத்துப் பிள்ளை.

1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து, 1941 வரை பணிபுரிந்தார். அவருடைய மிகச் சிறந்த ஆராய்ச்சிகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்தவை. கணிப்பொறி இல்லாத காலம் அது. புதிதாகத் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்துக்கொண்டு, தாளும் பேனாவுமாக அமர்ந்து, அவர் கையிலெடுத்த கேள்விதான் வாரிங் கேள்வி.

வாரிங் கேட்டது என்ன?

1770-ஆம் ஆண்டில் எட்வர்டு வாரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஒரு செய்தியை நிறுவாமலே எழுதி வைத்தார். எந்த எண்ணையும் அதிகமாய்ப் போனால் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். கனங்களானால் ஒன்பது போதும். நான்காம் அடுக்குகளானால் பத்தொன்பது போதும். இப்படியே எந்த அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அவர் கூற்று. வர்க்கங்களுக்கு நான்கு போதும் என்பதை அதே 1770-இல் லக்ராஞ்சு நிறுவினார். எல்லா அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1909-இல் ஜெர்மானியர் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் எல்லை உண்டு என்று தெரிந்ததே தவிர, அது எத்தனை என்று ஹில்பர்ட்டின் வழி சொல்லவில்லை.

நம் 703-க்குப் போட்ட கணக்கையே மற்ற அடுக்குகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். கனங்களில் 23 என்ற எண்ணை எடுப்போம். 27 பெரிது, 8 இரண்டு முறை, 1 ஏழு முறை, ஆக ஒன்பது. நான்காம் அடுக்கில் 79: 16 நான்கு முறை, 1 பதினைந்து முறை, ஆக பத்தொன்பது. ஐந்தாம் அடுக்கில் 223: 32 ஆறு முறை, 1 முப்பத்தொரு முறை, ஆக முப்பத்தேழு. ஒவ்வொரு அடுக்கிலும், மூன்றின் அடுக்குக்குச் சற்றுக் கீழே, இரண்டின் அடுக்கால் கட்டிக்கொண்டே போய் ஒன்று குறையும் இடத்தில், இப்படி ஓர் அடாத எண் உட்கார்ந்திருக்கிறது. அது கேட்கும் எண்ணிக்கைக்குக் குறைவாக எல்லை இருக்க முடியாது. இதைப் பள்ளி மாணவரும் காணலாம்.

அதைவிட அதிகமாகக் கேட்கிற எண் வேறெங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? எண்களுக்கு முடிவே இல்லையே! ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆயுள் போதாது. இங்கேதான் ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதைக் கணக்கிட 1918-இல் ஹார்டியும் அவரும் ஒரு வழி கண்டார்கள். அந்த வழியை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வாரிங் கேள்விக்குத் திருப்பினார்கள். ரஷ்யாவின் வினோகிரதோவ் 1930-களில் அதைக் கூர்மையாக்கினார். அந்த வழி, மிக மிகப் பெரிய ஓர் எண்ணைத் தாண்டிய எல்லா எண்களுக்கும் உறுதி கூறும். அதற்குக் கீழே உள்ள எண்களுக்கோ, சிறிய எண்களிலிருந்து தொடங்கி, கணக்கிட்டுப் படிப்படியாக மேலே ஏற வேண்டும். ஆற்றின் இரு கரையிலிருந்தும் பாலம் கட்டிக்கொண்டு வருவது போன்ற வேலை இது. நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டாலும் பாலம் ஆகாது.

பிள்ளை கட்டிய பாலம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் டிக்சன் என்ற பேரறிஞர் இந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அதே காலத்தில் அண்ணாமலை நகரில் பிள்ளை தனியே கட்டிக்கொண்டிருந்தார். 1936-ஆம் ஆண்டையொட்டி இருவரும் ஒருவரைச் சாராமல் ஒருவர் ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, விடை கண்டார்கள்.

அந்த விடையை ஆறாம் அடுக்கை வைத்தே சொல்லிவிடலாம். 729-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. அறுபத்து நான்கோடு ஈவைக் கூட்டி இரண்டைக் கழித்தால் 73. இதுவே எல்லை. ஈவும் மீதியும் சேர்ந்து 64-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இங்கே 36-தான் வருகிறது, சரி. ஏழாம் அடுக்குக்கு 2187-ஐ 128-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 11, எல்லை 143. இப்படி எந்த அடுக்குக்கும் ஒரு வகுத்தல் கணக்கில் விடை வந்துவிடும்!

ஆனால் இந்த விடை ஆறாம் அடுக்குக்கு முதலில் நிறுவப்படவில்லை. அடுக்கு சிறியதாகச் சிறியதாக, இரு கரைப் பாலமும் சேர்வது கடினமாகும். ஆறில் இடைவெளி விழுந்து நின்றது. பிள்ளை விடவில்லை. தொடர்ந்து முயன்று 1940-ஆம் ஆண்டில் ஆறாம் அடுக்குக்கு எல்லை 73-தான் என்று நிறுவி வெளியிட்டார். நம் 703 கேட்பதற்கு மேல் எந்த எண்ணும் கேட்காது என்பது அன்று முடிவாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்ஸி. பட்டமும் அவரை வந்தடைந்தது.

இன்னும் சில முத்துகள்

அடுத்தடுத்து வரும் எண்களைப் பற்றி அவர் கண்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தொடர்ச்சியாகப் பதினாறு எண்களையோ அதற்குக் குறைவாகவோ எங்கிருந்து எடுத்தாலும், அவற்றுள் ஓர் எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். பதினேழு எடுத்தால் இது தவறலாம். 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களை எடுத்துப் பாருங்கள். நான் விடுதித் தோழியரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். 2189-ஐப் பார்த்ததும் தனித்து நிற்கும் என்று நினைத்தோம். அதில் 11 இருந்தது, 2200-லும் 11 இருந்தது. 2197 பதிமூன்றின் கனம். 2184-லும் 13 இருந்தது. தனித்து நிற்பது ஒன்றுகூட இல்லை!

அவர் விட்டுச் சென்ற கேள்வி ஒன்றும் உண்டு. 9, 16; 25, 32; 121, 128; 32761, 32768. இந்த இணைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரு எண்களும் ஏதாவது ஓர் எண்ணின் வர்க்கமோ கனமோ அதற்கு மேற்பட்ட அடுக்கோதான், வித்தியாசம் 7. ஏழு என்றில்லை, எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் இத்தகைய இணைகள் எண்ணி முடிக்கத் தக்கவையாகவே இருக்கும் என்று பிள்ளை கருதினார். வித்தியாசம் 1 என்றால் 8, 9 தவிர வேறு இணை இல்லை என்பதை மிகைலெஸ்கு 2002-இல் நிறுவினார். மற்ற வித்தியாசங்களுக்குப் பிள்ளையின் கருத்து இன்றும் நிறுவப்படாமல் நிற்கிறது. உலகெங்கும் அதைப் பிள்ளையின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

முடியாத பயணம்

1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிள்ளை, அடுத்த ஆண்டே லெவி என்ற ஜெர்மானியப் பேராசிரியரின் அழைப்பில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1950-இல் அவருக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடிய உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்வது ஒன்று. பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு தங்கி ஆராய்வது மற்றொன்று.

அவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. 1950 ஆகஸ்டு 31 அன்று, அவர் ஏறிச் சென்ற டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் விமானம், கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் எகிப்து மண்ணில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அப்போது பிள்ளைக்கு வயது 49.

அவருக்குப் பின் ஐந்தாம் அடுக்குக்கு எல்லை 37 என்பதை 1964-இல் சீனத்தின் சென் ஜிங்ருன் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை 1986-இல் நம் நாட்டு பாலசுப்பிரமணியனும் பிரான்சின் தெசூயே, திரெஸ் ஆகியோரும் நிறுவினார்கள். முன்சொன்ன நிபந்தனை 47 கோடியே 16 லட்சம் வரையிலான அடுக்குகளுக்குச் சரியாக இருப்பதைக் கணிப்பொறி வைத்துப் பார்த்துவிட்டார்கள். எல்லா அடுக்குக்கும் சரி என்று நிறுவியவர் இன்னும் இல்லை. பிள்ளையின் ஆய்வுக் கட்டுரைகள் திரட்டப்பட்டு 2010-இல் நூலாக வெளிவந்துள்ளன.

நிறைவாக

இந்த விடுமுறையில் அம்மாவுக்கு 703 கணக்கைச் சொன்னேன். இலையை நறுக்கிக்கொண்டே கேட்ட அம்மா, ஒன்று குறைந்தால் அதைச் சுற்றிப் போட்டுக் கட்டை முடிக்க வேண்டியதுதானே, அதற்காகவா இருபத்து நான்கையும் அவிழ்த்து வைப்பார்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு நான் தோற்ற தாளைப் பற்றித் தெரியாது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஊர் திரும்பிய மறுநாளே அந்தத் தாளுக்குப் பணம் கட்டினேன். இப்போது வகுப்பில் புரியாததைக் கேட்கிறேன்.

பிள்ளையின் வாழ்வில் நான் கற்றது இதுதான். 703-க்கு 73 வேண்டும் என்று காண்பது ஒரு நாள் வேலை. அதற்கு மேல் யாருக்கும் வேண்டாம் என்று முடிக்க ஓர் ஆசிரியரின் ஈகையும், பன்னிரண்டு ஆண்டு உழைப்பும், இடையில் நிறுத்தாத மனமும் வேண்டியிருந்தன. அவர் நிறுவிய முறையைப் படித்துப் புரிந்துகொள்ளும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று படிக்கிறேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஏப்ரல் 5-ஆம் நாளை நம் கல்லூரிக் கணித மன்றம் ஆண்டுதோறும் எஸ்.எஸ். பிள்ளை நாளாகக் கொண்டாட வேண்டும். அதற்கு மாலையும் மேடையும் வேண்டியதில்லை. அன்று காலை எல்லா வகுப்புக் கரும்பலகையிலும் 703 ரூபாய்க் கணக்கை எழுதி வைத்தால் போதும். தமிழ் படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் போட்டுப் பார்க்கட்டும். குற்றாலத்துச் சாரலில் நனையப் போகும்போதெல்லாம் வல்லம் என்ற ஊரின் பெயர் நம் நினைவுக்கு வரட்டும்!